செவலைக்குப் போட்ட விருந்து

திருவெள்ளறை
18-5-1952

அன்புள்ள தம்பி நல்லுசாமிக்கு அக்கா ரெங்கம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வருஷமாக மழை பொய்த்துவிட்டது. கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வருகிறது. ஊரில் எல்லோரும் மாடுகளை அடிமாட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் மட்டும் கூரையில் வேய்ந்த சோளத்தட்டையை உருவிப் போட்டு, எங்கள் உழவு மாடுகள் செவலையையும் மயிலையையும் உயிரோடு வைத்திருக்கிறோம். இந்த ஜோடி போய்விட்டால் மழை வந்தாலும் எங்களுக்கு வராத மாதிரிதான்.

நாளை உன் மாமா இந்தக் கடிதத்தோடு இரண்டையும் மேலூருக்கு ஓட்டி வருகிறார். மழை விழும்வரை உன் கொட்டிலில் கட்டிக்கொள். காவிரிக்கரையில் வைக்கோலுக்கா பஞ்சம்? ஆனால் இரண்டும் காய்ந்த வயிறு. கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட வேண்டும்.

தை மாதத்திலிருந்து நீ இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர்கூட இல்லை, கால் நனையாமலே வரலாம்.

உன் அக்கா
ரெங்கம்மாள்


மேலூர், ஸ்ரீரங்கம்
20-6-1952

அன்புமிக்க அக்காவுக்கு நல்லுசாமியின் வணக்கம்.

எழுதவே கஷ்டமாக இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை செவலை காற்றுப் பட்டதுபோல் சுருண்டு விழுந்து இறந்துவிட்டது. வைத்தியரை அழைத்துப் பார்த்தோம். நம் கையில் என்ன இருக்கிறது? மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மாமா வரும்போது பதிலுக்கு என் கொட்டிலிலிருந்து வெள்ளைக் காளையைத் தருகிறேன். செவலையைவிட ஒரு சாண் உயரம். மயிலை நன்றாகத் தேறிவிட்டது.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை.

அன்புத் தம்பி
நல்லுசாமி


திருவெள்ளறை
2-7-1952

நல்லுசாமிக்கு,

செவலை போன பிறகு மழைவரை அங்கே விட்டுவைக்க மனம் வராமல், உன் மாமா மயிலையையும் வெள்ளைக் காளையையும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். உன் கொட்டிலைப் பார்க்கும் பிச்சை, கொள்ளிடப் பாலம்வரை கூடவே அழுதுகொண்டு வந்தானாம்.

“காத்தும் இல்லே கருப்பும் இல்லேங்க. பாப்பா காதுகுத்துக்குப் பொங்குன சோறு ரெண்டு அண்டா மிஞ்சிப்போச்சு. தொட்டியிலே கொட்டுடான்னு எசமான் சொன்னாங்க. வேண்டாங்கன்னு சொன்னேன். ‘பட்டினி கெடந்த மாடு, தின்னட்டும்’னாங்க. செவலை மயிலையை முட்டித் தள்ளிட்டு அத்தனையும் தின்னுச்சு. வயிறு உப்பி, மறுநாள் பொழுது ஏறுறதுக்குள்ளே போயிருச்சுங்க” என்றானாம்.

எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் சோறு கண்டு நாற்பது நாளாகிறது. புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்கிறோம். உன் வீட்டில் அண்டா அண்டாவாக மிஞ்சியிருக்கிறது. மாட்டுக்குப் பாவம் பார்த்தவன் அதில் ஒரு சட்டியை இந்தப் பக்கம் அனுப்பியிருக்கலாம். பிள்ளையின் அத்தை நான் உயிரோடு இருக்கும்போது என்னை விட்டுவிட்டுக் காது குத்தியிருக்கிறாய். அப்புறம் புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதுகிறாய்.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை? ஏன் பொய் எழுதினாய்? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

ரெங்கம்மாள்


மேலூர்
9-7-1952

அக்காவுக்கு,

பொய் எழுதியது தப்புதான். நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்று பயந்துவிட்டேன். சோறு மாட்டைக் கொல்லும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. ஆசையாகத்தான் போட்டேன்.

காதுகுத்துக்குச் சொல்லாததும் உங்களை நினைத்துத்தான். என் மாமனார் வீட்டாரும் ஸ்ரீரங்கத்துப் பெரிய மனிதர்களும் இருந்த பந்தியில், இப்போது இருக்கிற கோலத்தில் வந்து உட்கார்ந்தால் உங்களுக்கே சங்கடமாக இருந்திருக்கும். அதுதான் காளை கொடுத்துவிட்டேனே. மறந்துவிடுங்கள்.

நல்லுசாமி


திருவெள்ளறை
30-7-1952

நல்லுசாமிக்கு,

ஆடி பிறந்ததும் மழை கொட்டிவிட்டது. உன் காளை சேற்றிலேயே நடந்து பழகியது. எங்கள் கல்லாங்காட்டில் நாலு சால் ஓடுவதற்குள் குளம்பு வெடித்துப் படுத்துவிட்டது. இரவல் கேட்க ஊரில் வேறு மாடும் இல்லை. ஆடிப்பட்டம் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் மயிலைக்குப் பக்கத்தில், செவலை நின்ற இடத்தில், நுகத்தடிக்கு நான் தோள் கொடுத்தேன். மேழியைப் பிடிக்க மாட்டேன் என்று உன் மாமா அழுதார். அதட்டித்தான் பிடிக்க வைத்தேன். ஐந்து நாளில் முக்கால் காணி விதைத்துவிட்டோம்.

தோளில் தோல் உரிந்து கிடக்கிறது. இந்தக் கோலத்தில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடப்பட்டது நீ. அதை என் தலையில் கட்டாதே.

காளையின் கால் ஆறியதும் உன் மாமா அதைக் கொண்டுவந்து உன் வாசலில் கட்டிவிட்டுத் திரும்புவார். வெயிலில் நடந்து வந்தவர் என்று செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வராதே. அவர் குடிக்க மாட்டார்.

ரெங்கம்மாள்