பார்த்துக்கொள்வது பற்றி ஐந்து வசனங்கள்

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை, பகல்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நீங்கள் உடல் சுகத்துடன் இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு உங்கள் மகள் சஹ்லா எழுதுகிறேன். வாப்பா ஜும்ஆவுக்குப் போயிருக்கிறார். றிஸ்லா தூங்குகிறாள். ஸகியா மாமிக்கு லீவு முடிந்து நாளை மறுநாள் குவைத்துக்கு பிளைட். இந்தக் கடிதத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து உங்கள் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிழமைக்கு மூன்று தடவை போனில் பார்க்கிறோமே, பிறகெதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் கதைப்பதில்லை, உம்மா. கேட்டதற்குப் பதில் மட்டும்தான் சொல்கிறேன்.

வாப்பாவின் கால் பெருவிரல் எடுத்த இடம் மெல்லக் காய்ந்து வருகிறது. தினமும் நான்தான் கழுவி மருந்து கட்டுகிறேன். சீனி வருத்தம் குறையவில்லை. சீனி போடாத தேத்தண்ணியைக் கொடுத்தால், "இது என்ன புள்ள, என்ட கால் கழுவின தண்ணியா?" என்று கேட்கிறார். கடலில் கரைவலை இழுக்கப் போக முடியாத கோபம் எல்லாம் வீட்டுக்குள்தான்.

எனக்காகக் கட்டும் புது வீட்டுச் சுவர்கள் பூசாமல் கிடப்பதால் இந்த மாரி மழையில் பாசி பிடித்துவிட்டன. மாடிக்குக் கட்டிய படி மேலே போய் வெறும் வானத்தில் நிற்கிறது. மழை இல்லாத நேரம் றிஸ்லா அந்தப் படியில் இருந்துதான் பாடம் படிக்கிறாள்.

அவளால் போன மாதம் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். உம்மாவின் பெயர் எழுதச் சொன்ன இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாள். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "உம்மாட பேரு பாஸ்போட்டுல இரிக்கி. ஊட்டுல இரிக்கிற ஆள்ட பேரத்தானே டீச்சர் கேட்டாங்க" என்றாள். டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியில் அவளுடைய புத்தகப் பை எனக்கு வழமையைவிடப் பாரமாக இருந்தது.

இனி என் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் எனக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கும் கட்டார் மாப்பிள்ளை முஸ்தாக்குக்கு, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த பெண் என்றால் நல்லதாம். அதனால்தான் லைலா சாச்சி என்னை ஸில்மியா டீச்சரிடம் சேர்த்துவிட்டார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். முதல் இரண்டு கிழமையும் கதவுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு வார்த்தை கதைக்காமல் வந்தேன்.

போன கிழமை டீச்சர் 'லுக் ஆஃப்டர்' என்பதைப் படிப்பித்தார். 'லுக்' என்று மட்டும் எழுதினால் கண்ணால் பார்ப்பது மட்டும்தானாம். 'ஆஃப்டர்' சேர்ந்தால்தான் வாயில் சோறு தீத்துவது, காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது எல்லாம் அதற்குள் வருமாம். ஆளுக்கு ஐந்து வசனம் எழுதச் சொன்னார். "புத்தகத்துல இரிக்கிறத எழுத வேணாம் புள்ளைகள். ஒங்கட ஊட்டுல நடக்கிறத எழுதுங்க" என்றார். காரைதீவிலிருந்து வரும் பூமணி முதலில் எழும்பி, "பக்கத்து வீட்டு நாய்தான் எங்கட கோழியள லுக் ஆஃப்டர் பண்ணுது மிஸ். கோழிதான் ஒவ்வொண்டாக் குறையுது" என்றாள். வகுப்பே சிரித்தது.

எனக்கு ஐந்து வசனமும் யோசிக்காமலே வந்தன. ஐ லுக் ஆஃப்டர் மை ஃபாதர். ஐ லுக் ஆஃப்டர் மை சிஸ்டர். பிறகு ஆடு, வீடு. கடைசியாக, என் உம்மா குவைத்தில் ஒரு வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதினேன். ஒரு பிழையும் இல்லை என்று டீச்சர் அதை உரத்து வாசித்தார். எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர், உன்னைப் பார்த்துக்கொள்வது யார் என்று ஒவ்வொருவரிடமும் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும், மை மதர் என்றேன். வெரி குட் என்றார். வசனம் சரிதான், உம்மா. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொய்ச் சத்தியம் செய்தவள் போல நடந்து வந்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் உடுப்பதும் உண்பதும் உங்கள் உழைப்பு என்று எனக்குத் தெரியும்.

உங்களிடம் மறைத்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை எனக்கு டெங்கு வந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உங்களுக்குச் சொன்னால் அங்கே வேலை ஓடாது என்று வாப்பா தடுத்துவிட்டார். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அதன் உம்மா தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் பாதி நீட்டி, "ஒங்கட உம்மா எங்க மகள்?" என்று கேட்டார். வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன். நான் துண்டு வெட்டி வீட்டுக்கு வரும்வரை அவர் வாசலைப் பார்த்துப் பார்த்து இருந்தார்.

இப்போது எழுத வந்த விஷயம். போன வெள்ளிக்கிழமை நீங்கள் போன் எடுத்தபோது வாப்பா, லைலா சாச்சி, முஸ்தாக்கின் உம்மா எல்லோரும் என்னைச் சுற்றி இருந்தார்கள். வரும் மாதம் எக்ரிமெண்ட் முடிகிறது, வீட்டை முடிக்க இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா மகள் என்று என்னிடம்தான் கேட்டீர்கள். நான் போனிலிருந்து கண்ணை எடுத்துக் குனிந்துகொண்டேன். "பாருங்க, புள்ள வெக்கப்படுது" என்று சாச்சி சிரித்தார். "பொம்புளப் புள்ளைக்கு ஊடு இல்லாட்டி ஆருகா கலியாணம் முடிக்க வருவாங்க? சொல்லு மகள்" என்று வாப்பா அவசரப்படுத்தினார். நான் ஓம் என்றேன். வீட்டு விஷயத்திலும் கலியாண விஷயத்திலும் பெரியவர்களுக்கு முன்னால் நான் வேறு எதைச் சொல்வது? அந்த ஓமைத் திருப்பி வாங்கத்தான் இந்தக் கடிதம். கையெழுத்துப் போட வேண்டாம், உம்மா.

நீங்கள் போனை வைத்த பிறகு வாப்பா, "இவட ஊடு முடிஞ்சா அடுத்தது றிஸ்லாட ஊடு" என்றார். றிஸ்லாவுக்கு இப்போது ஏழு வயது. நீங்கள் போகும்போது அவளுக்கு மூன்று. இரண்டு வீடும் முடிந்து நீங்கள் வரும்போது, நீங்கள் இருக்க எது வீடு? எனக்கு மாடி வேண்டாம். கட்டிய மட்டில் ஒரு அறையைப் பூசி, ஒழுகும் இடத்தை அடைத்தால் நாங்கள் நான்கு பேரும் இருக்கலாம். மாடி இல்லாமல் ஆகாது என்றால் முஸ்தாக் வீட்டார் வேறு இடம் பார்க்கட்டும். எனக்கு அவரில் கோபம் ஒன்றும் இல்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஸகியா மாமியிடமும் ஒன்றும் கேட்க வேண்டாம். அடுத்த தடவை போன் எடுக்கும்போது, டிக்கட் போட்டாகிவிட்டது என்று வாப்பாவிடம் மட்டும் சொல்லுங்கள். சத்தம் போடுவார். சாச்சியும் வந்து கத்துவார். நான் சமாளித்துக்கொள்வேன். அது எனக்குப் பழக்கம்.

நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்மணிக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். அவருக்காக நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நீங்கள் வந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் அவருக்கு வேறு ஆள் பிடித்துக்கொள்வார்கள், உம்மா.

உங்கள் மகள்,
சஹ்லா