கிழக்கே திரும்பும் தகடு

ஓமன், 12.3.1996

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

என்னோடு பாலைவனத்தில் கம்பெனி தந்த வண்டிவீட்டில் தங்கியிருந்த உவரிக்காரன் மெர்வின் போன மாதம் காய்ச்சலில் இறந்துபோனதை எழுதியிருந்தேன். எங்கள் பேட்டரிக்குச் சோலார் தகட்டை இணைப்பது அவன் வேலை. "ஏலே, விடியதுக்கு முன்ன தகடு கிழக்க பாத்து நிக்கணும்லே" என்று சாயங்காலமே திருப்பி வைத்து, காற்றில் சாயாமலிருக்கக் கல்லும் வைப்பான். நான் சோம்பேறி, மேற்கு பார்த்தபடியே விட்டுவிடுகிறேன். காலையில் அது கிழக்கே பார்த்து நிற்கிறது. காற்றின் வேலைதான், பயப்படாதீர்கள். காற்று கல்லையும் சரியாக எடுத்து வைத்திருக்கிறது. வண்டியில் இப்போது நான் மட்டும்தான்.

லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். கருப்பட்டி தீர்ந்துவிட்டது. விடுமுறைக்கு வந்திருக்கும் தேவசிகாமணி அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு பேருக்குப் போதும்படி கொடுங்கள்.

ஐயம்பெருமாள்