அந்தப் பக்கத்துப் பசங்க

பிப்ரவரி 1, 2025, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக எதையும் சேர்க்கவோ விடவோ மாட்டேன். தமிழில் எழுதினால் இந்த நாட்டில் பள்ளியிலோ நூலகத்திலோ யாரும் எட்டிப் பார்த்துப் படிக்க முடியாது. உடுமலையில் நான்காம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

காலையில் நூலகம். இமானியும் நானும் வழக்கம்போல ஜன்னலோர மேசையில். இருவரும் எட்டாம் வகுப்பு, ஆனால் வேறு வேறு பள்ளி. அவள் ஃப்ரீவே நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கேனரி ரோடு. நான் இந்தப் பக்கம், ஹில்வியூ. அவள் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோக்காரப் பிள்ளைகளும். என் பள்ளியில் நாங்களும் சீனர்களும் கொஞ்சம் வெள்ளைக்காரர்களும். "யாரும் யாரையும் பிரிக்கல, மேப்ல ஒரு கோடு மட்டும்தான் போட்டாங்க" என்பாள். (அவள் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் எழுதுகிறேன்.)

எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும் அந்தக் கோட்டைக் கல்வி வாரியம் மாற்றப் போகிறதாம். செப்டம்பரிலிருந்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கலந்து படிப்பார்கள். இமானி இப்போதே சொல்லிவிட்டாள், பள்ளிப் பஸ்ஸில் ஜன்னல் சீட் அவளுக்கு.

மாலையில் மகாதேவன் அங்கிள் வீட்டில் ஹில்வியூ பெற்றோர்கள் கூடினார்கள். கோட்டை மாற்றக் கூடாது என்று வாரியத்துக்கு ஒரு கடிதம். எழுதும் பொறுப்பு அப்பாவுக்கு. நான் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கடிதத்துக்கு அறுநூறு கையெழுத்து. மகாதேவன் அங்கிள் அப்பாவை போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில், "திருமூர்த்தி, லாயர் எழுதின மாதிரி இருக்குய்யா! ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

அப்பா, "நானெங்கீங்க, எல்லாம் அம்மிணி கைவண்ணம்" என்று என் தலையைத் தட்டினார்.

பெருமையாக இருந்தது. உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

கறுப்பினத்தவர் சம உரிமை கேட்டு நடத்திய 1963 வாஷிங்டன் பேரணியைப் பற்றிய பள்ளிக் கட்டுரைக்கு A. கேள்வி: அன்று நீ இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பாய்? முதல் வரிசையில் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன். வெயிலைக்கூட வர்ணித்திருந்தேன்.

பிப்ரவரி 8, சனி

இமானி கடிதத்தை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தாள்.

ஒரு வரிக்கு அடியில் பச்சைக் கோடு. அதை டிவி செய்தி வாசிப்பவர் குரலில் படித்துக் காட்டினாள். 'அந்த மாணவர்கள் டிஃபரன்ட் லேர்னிங் கல்ச்சரிலிருந்து வருகிறார்கள்.' பக்கத்து மேசைத் தாத்தா திரும்பிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"எங்கள திட்டுற லெட்டர் நிறைய படிச்சிருக்கேன். எல்லாத்துலயும் ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கும். இதுல ஒரு கமாகூடத் தப்பில்ல. இத எழுதினவங்க நிறைய புக்ஸ் படிக்கிறவங்க."

நான் என் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வீட்ல கையெழுத்துப் போட்டாங்களா?"

"தெரியல" என்றேன்.

தெரியல. தெரியல. தெரியல. எவ்வளவு சுலபமா வந்துச்சு.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் நாளே பொய் எழுதியிருக்கிறேன். 'ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தேன்' என்பது பொய். நடந்தது இதுதான்.

மகாதேவன் அங்கிள் வீட்டுச் சமையலறை மேடையில் மடிக்கணினி. அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஓரிடத்தில் அப்பா நிறுத்தி, "அந்தப் பக்கத்துப் பசங்க வேற மாதிரி அம்மிணி. நம்ம பசங்களோட சேர்ந்தா நம்ம பசங்க கெட்டுப் போயிருவாங்க. ஆனா அத இப்படியே எழுதப்படாது. நீயே நல்லா ஒரு வார்த்தை போடு" என்றார்.

நான் போட்டேன். மூன்று வார்த்தை. முதலில் 'பேக்கிரவுண்ட்' என்று போட்டு, அது குத்துகிறதே என்று அழித்துவிட்டு, 'டிஃபரன்ட் லேர்னிங் கல்ச்சர்' போட்டேன். சத்தமாகப் படித்துப் பார்த்தேன். எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது இமானி ஞாபகம் வரவில்லையா?

வந்தது. வந்தும் போட்டேன்.

அப்பா சொன்னது அசிங்கம். ஆனால் அதை அப்படியே எழுதியிருந்தால் அறுநூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 15, சனி

நூலகத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

பிப்ரவரி 19, புதன்

அடுத்த செவ்வாய் வாரியத்தில் ஓட்டெடுப்பு. அதற்கு முன்னால் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு ஒரு நிமிடம். அப்பா என் பெயரைப் பதிவு செய்துவிட்டார். நான்தான் கடிதத்தைப் படிக்க வேண்டுமாம்.

"நாங்க பேசுனா எங்க ஆக்சென்டத்தான் கேப்பாங்க. நீ பேசுனா விஷயத்தக் கேப்பாங்க" என்றார்.

முடியாது என்றேன். இமானி அந்தப் பள்ளி என்றேன்.

அம்மா சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அவ நல்ல புள்ளதான் கண்ணு. யாரு இல்லேங்கறா? எல்லாரும் அவளாட்ட இருப்பாங்களா?" என்றாள்.

"அங்க எத்தன பேரத் தெரியும்மா உங்களுக்கு?"

அம்மா கட்டையை மறுபடி எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அப்பா மட்டும் மெதுவாக, "இந்த ஸ்கூலுக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தோம் அம்மிணி. நாளைக்கு உனக்கு ஒண்ணு குறைஞ்சா, யாரு வந்து பதில் சொல்லுவா?" என்றார். கத்தியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். கத்தவில்லை.

சரி என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

நேற்று நடந்தது.

நாலரை மணிக்குக் காரில் கிளம்பினோம். மூவரும் நீல டி-ஷர்ட். முன்னால் 'நம் பள்ளியைக் காப்போம்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஃப்ரீவே மேம்பாலம் ஏறும் இடத்தில் போலீஸ் நிறுத்திவிட்டது. கோட்டை மாற்றச் சொல்லிக் கேனரி ரோட்டிலிருந்து பேரணி வருகிறதாம்.

ஐம்பது பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். வந்துகொண்டே இருந்தார்கள். பாலம் முழுவதும் ஆட்கள். தள்ளுவண்டியில் குழந்தைகள், பாண்டு வாத்தியக் குழு, சர்ச் பாட்டிமார், ஹில்வியூ ஆசிரியைகள் இரண்டு பேர். ஆயிரம் பேருக்கு மேல் என்று அப்பாவே சொன்னார். கீழே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. கண்ணாடியை ஏற்றியும் பாட்டு கேட்டது.

இமானி என் ஜன்னலுக்கு மிக அருகில் வந்தாள். அவள் பிடித்திருந்த பதாகையில் நூலக அட்டையைப் பெரிதாக நகலெடுத்து ஒட்டி, மேலே எழுதியிருந்தாள்: 'என் லேர்னிங் கல்ச்சர்.'

என்னைப் பார்த்தாள். பிறகு டி-ஷர்ட்டைப் பார்த்தாள். பதாகையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

முதல் வரிசையில் நின்றிருப்பேன் என்று எழுதினேனே. பின் சீட்டில் இருந்தேன், பெல்ட் போட்டுக்கொண்டு.

வாரிய மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்குக்கு முன்னால் நேரம் காட்டும் ஒரு சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. கடிதம் கையில் இருந்தது. முதல் பத்தியைப் படித்தேன். ஆம், படித்தேன். அந்த வரி வந்ததும் நின்றேன். சொன்னேன்: "இந்த வார்த்தை என்னுடையது. எங்கள் வீட்டில் சொன்னது 'அந்தப் பக்கத்துப் பசங்க வேற மாதிரி'. கேட்பவர்களுக்கு வலிக்காமல் இருக்க நான் மாற்றினேன். கையெழுத்துப் போட்டவர்களே, நீங்கள் போட்டது அதற்குத்தான். அங்கே என்" — சிவப்பு. மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

யாரோ கை தட்டினார்கள். யாரோ "ஷேம்" என்றார்கள். அது எனக்கா, கடிதத்துக்கா, தெரியவில்லை.

ஓட்டு மூன்றுக்கு இரண்டு. கோடு மாறாது.

காரில் அம்மா அழுதாள். அப்பா சிக்னலில் நின்றபோதுதான் பேசினார். "தமிழ்ல, நமக்குள்ள சொன்னத, எதுக்கும்மா அங்க போய்ச் சொன்ன?"

அம்மிணி என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஜெயித்தது எங்கள் பக்கம். மகாதேவன் அங்கிள் வீட்டில் கேக் வெட்டினார்களாம். எங்களைக் கூப்பிடவில்லை. அப்பா பால்கனியில் தனியாக நின்றார். அவருக்கும் நான்தான் துரோகம் செய்திருக்கிறேனோ? இமானி, அப்பா, இரண்டு பேருக்குமா?

மார்ச் 1, சனி

நூலகத்துக்குப் போனேன். இமானி ஜன்னலோர மேசையில் இல்லை, அகராதிகள் பக்கம் தனி மேசையில் இருந்தாள். நாலரை மணி வரை நான் இங்கே, அவள் அங்கே. பிறகு எழுந்து போய் அவள் எதிரில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு நிமிஷம் பத்தலபோல" என்றாள், தலை நிமிராமல். "'அங்கே என்'னு நிறுத்தின. மீதி என்ன?"

அங்கே என் சிநேகிதி இருக்கிறாள் என்பதுதான் மீதி. அதைச் சொல்ல இப்போது எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. கையிலிருந்த நோட்டை மறுபக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"அந்த நோட்டுல என்ன எழுதுற? எப்பவும் உங்க எழுத்துல?"

"எல்லாம்" என்றேன்.

"படி. இங்கிலீஷ்ல. அழகா மாத்தாத."

நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தேன். சொன்னதைச் சொன்னபடி. ஜன்னல் சீட் பற்றிய வரிக்கு அவள் உதடு லேசாக அசைந்தது. 'தெரியல' என்ற இடத்தில் ஒன்றும் அசையவில்லை. காலால் எதிர் நாற்காலியைக் கொஞ்சம் வெளியே தள்ளினாள். உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினேன். பிப்ரவரி 9. வந்தது, வந்தும் போட்டேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது, ஐந்து மணி ஆகிவிட்டது என்று நூலகர் விளக்குகளை அணைத்தார்.