காரிமங்கலத்தில் கிடைத்த திருக்கை

என் அன்பு மாப்ளே சூசை,

நீ போய்ச் சேர்ந்த பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. பதில் எதிர்பார்க்கவில்லை, மதராசிலிருந்து பதில் எதிர்பார்த்து நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். முதலில் வீட்டுச் செய்தி. தங்கை லூர்து நலமாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் உன் இடத்துக்கு வந்திருக்கிற அறிவியல் வாத்தியார், ஆய்வக அறையில் நாலு வருஷமாகியும் கருவாட்டு நாற்றம் போகவில்லை என்று எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறார். உன்னைப் பற்றி அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு இருக்கிற ஒரே ஆவணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது செய்தி, நம் காரிமங்கலத்துக்குக் கடல் வந்துவிட்டது.

சிரிக்காதே. நான் சொல்லவில்லை, புத்தகம் சொல்கிறது. நீ பார்சல் அனுப்பினாயே, அந்த மதராஸ் பேராசிரியர் ஆங்கிலத்தில் தடிமனாக ஒன்று எழுதியிருக்கிறார். வெப்பக் கடல்களில் வாழும் புள்ளித் திருக்கை மீன்களை எப்படி இனம் பிரிப்பது, எந்த இனம் எந்தக் கரையில் கிடைக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கடலே இல்லாத நம் மாவட்டத்து நூலகத்துக்கும் மேலிடத்திலிருந்து ஒரு பிரதி வந்தது. முத்திரை குத்தி எண் போட உட்கார்ந்தேன். குத்துகிற புத்தகத்தைப் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. புள்ளித் திருக்கையில் இரண்டாவது இனம். அது கிடைக்கும் இடங்கள் தூத்துக்குடி, மண்டபம், நாகப்பட்டினம், அப்புறம் 'காரிமங்கலத்தை ஒட்டிய ஆழமில்லாத மணற்கரை'.

முத்திரை என் கையிலேயே நின்றுவிட்டது.

எது அந்த மணற்கரை? கிருஷ்ணகிரி பஸ் நிற்கிற இடமா? சந்தைக்குப் பின்னால் கேழ்வரகு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த மேடா? வரைபடம் வேறு போட்டிருக்கிறார்கள். கரையோரம் முழுக்கத் தேடியும் நம் ஊர் அகப்படாததால், படம் வரைந்தவர் கடலூருக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி வைத்துக் காரியத்தை முடித்திருக்கிறார். சேலத்திலிருந்து நம்மைப் பிரித்துத் தனி மாவட்டமாக்க அரசாங்கத்துக்கு எவ்வளவோ காலம் பிடித்தது. பேராசிரியர் ஒரு சொட்டு மையில் நம்மைக் கடலோரத்துக்கு மாற்றிவிட்டார்.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, மாப்ளே. அது உன் கையெழுத்து.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி மாவட்டம் பிறந்த புதிது. நீ என் தங்கையைக் கட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. இண்டூரில் இருந்த நிலத்தை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டுக் காரிமங்கலத்தில் வாத்தியார் வேலைக்கு வந்தாய். சந்தை நாளில் லூர்து உன்னை அனுப்பியது வெங்காயம் வாங்க. நீ கன்னடம் கலந்து பேசுகிற கெம்பக்காவின் கருவாட்டுச் சாக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய். வெங்காயம் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்தவன் நான்.

"ஏனு வாத்தியாரே, மீனு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க, வெல கேக்க மாட்டேங்கறீங்க."

"இதுக்கு வால் எங்கங்க?"

"வாலா? வெச முள்ளு இருக்குதுன்னு படகுலயே வெட்டி எறிஞ்சுருவாங்க. வால எவன் திம்பான்?"

"இது எந்தக் கடலு?"

"இது மங்களூரு. அந்தப் பக்கம் கெடக்கறது தூத்துக்குடி. கொழம்புல ரெண்டும் ஒண்ணுதான், எடுங்க."

ரெண்டும் ஒன்றில்லை என்று காட்டத்தான் நீ எட்டு வருஷம் செலவழித்தாய். மேற்குக் கடல் சரக்கு பெங்களூர் வழியாக லாரியில் இறங்கும். கிழக்குக் கடல் சரக்கு சேலம் வழியாக ஏறி வரும். இரண்டு கடலும் சந்திக்கிற இடம் கெம்பக்காவின் சாக்கு. "கடலோரத்துல இருக்கறவனுக்கு அவன் கரை மீன் மட்டுந்தான் தெரியும் மச்சான், நமக்கு ரெண்டும் தெரியும்" என்றாய். நான் அன்றைக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

புத்தகங்களோ வாலைப் பார்த்துத்தான் திருக்கையை இனம் பிரிக்கச் சொல்லின. உனக்கு வந்த மீன் எதற்கும் வால் கிடையாது. அதனால் முதுகின் நடுவில் மணி மணியாக இருக்கிற முள் வரிசையை எண்ண ஆரம்பித்தாய். தோலின் புள்ளிகளை மெல்லிய காகிதத்தில் படியெடுத்தாய். குட்டியில் புள்ளியாக இருப்பது வளர வளர ஒரு மீனில் வளையமாகிறது, இன்னொன்றில் வலைப்பின்னலாகிறது, மூன்றாவதில் கடைசிவரை புள்ளியாகவே நிற்கிறது. ஒரே பெயரில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று இனம் என்று கண்டாய். குட்டிக்கு ஒரு பெயர், தாய்க்கு ஒரு பெயர் என்று இரண்டு இனமாகப் பிரித்துவைத்திருந்த இன்னொன்று ஒரே மீன் என்றும் கண்டாய். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து அளவுகோலையும் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு.

லூர்து என்னிடம் குறைபட்டுக்கொள்வாள். "கருவாட்ட வாங்கிட்டு வந்து கொழம்பு வெக்க வுடாத மனுசன் ஒலகத்துலயே இவுரு ஒருத்தர்தாண்ணா. வூடே நாறுது. கோயில்ல என் பக்கத்துல யாரும் முட்டி போடறதில்ல."

ஒவ்வொரு தோலிலும் நூல் கோத்து ஒரு சீட்டுக் கட்டுவாய். "இந்த நூலைக் கொஞ்சம் பிடி மச்சான்" என்பாய். கை நாறும் என்று நான் தள்ளி உட்காருவேன். சீட்டில் முதல் வரி, 'கிடைத்த இடம்: காரிமங்கலம்'. இரண்டாவது வரி, 'விற்றவர் சொன்ன கரை: தூத்துக்குடி'. இதற்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

"கடல் மீனுக்குக் காரிமங்கலம்னு எழுதுனா எவன்டா மதிப்பான்? நேராத் தூத்துக்குடின்னு எழுது."

"நான் தூத்துக்குடியப் பாத்ததில்ல மச்சான். சந்தையத்தான் பாத்தேன். பாக்காத எடத்தப் பாத்த மாதிரி எப்படி எழுதறது?"

உலகத்தில் பாதிப் பேர் பார்க்காததைத்தான் பார்த்த மாதிரி எழுதுகிறார்கள், அவர்களுக்குப் பதக்கமும் கிடைக்கிறது என்றேன். நீ கேட்கவில்லை. பதினோரு தோலையும் நோட்டுப் புத்தகத்தையும் துணியில் தைத்து, அரக்கு வைத்து, பேராசிரியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாய். நகல் ஒன்று எடுத்துவைத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். காகிதங்களோடு வாழ்கிறவன் நான்தானே? சொல்லவில்லை. ஒரு கார்டு வந்தது. 'பார்சல் கிடைத்தது. பரிசீலிக்கப்படும்.' அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாய். கடைசியில் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோதுகூட, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தலையைத் தூக்குவாய்.

அவர் பரிசீலித்திருக்கிறார், மாப்ளே. நன்றாகவே பரிசீலித்திருக்கிறார். மூன்று இனம், முதுகு முள் கணக்கு, வளையம், வலை எல்லாம் நீ சொன்ன வரிசையிலேயே இருக்கின்றன. 'நான் கண்டவரை' என்று தொடங்குகிறார். நன்றியுரை மட்டும் ஒன்றரைப் பக்கம். மனைவிக்கு, தட்டச்சு செய்தவருக்கு, கார் ஓட்டியவருக்கு. கார் ஓட்டியவர் பெயரைப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை, அவர் உண்மையாகவே ஓட்டியிருப்பார். உன் பெயரைத்தான் காணோம். நான் மூன்று தரம் தேடினேன், பின்னட்டையையும் சேர்த்து.

எடுத்ததைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சீட்டில் முதல் வரியைப் பார்த்தவர் இரண்டாவது வரிக்கு இறங்கவில்லை. மீன் கிடைத்த இடம் காரிமங்கலம் என்றால் அது கடற்கரையாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, மணலையும் ஆழத்தையும் தன் சொந்தச் செலவில் சேர்த்திருக்கிறார். புத்தகம் முழுவதிலும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அந்த மணல் ஒன்றுதான்.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கே உட்கார்ந்து அவருக்கு நாலு பக்கம் எழுதினேன். காரிமங்கலத்தில் படகு எந்தப் பக்கம் ஏற வேண்டும், ஊர்க் குன்றின்மேல் கலங்கரை விளக்கம் கட்ட மனுப் போடலாமா, சந்தைக்கு வரும் மாடுகளுக்கு நீச்சல் தெரியாதே என்ன செய்வது என்றெல்லாம் கேட்டிருந்தேன். எழுதி முடித்து எனக்கு நானே இரண்டு தரம் படித்துக் காட்டிக்கொண்டேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது. உன் பெயரை எங்கே எழுதினேன் தெரியுமா? நாலாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே. கேலியை முடித்த பிறகு இடம் மிச்சமிருந்தது.

பதில் உடனே வந்தது. உனக்கு வராத வேகத்தில். இடப்பெயரில் நேர்ந்த சிறு பிழையைச் சுட்டியதற்கு மிக்க நன்றி, மறுபதிப்பில் சரிசெய்யப்படும் என்று எழுதியிருந்தார். கூடவே அச்சடித்த திருத்தச் சீட்டு ஒன்று. 'காரிமங்கலம் எனத் தொடங்கும் வரியை நீக்கிப் படிக்கவும்.' புத்தகம் போன நூலகங்களுக்கெல்லாம் அந்தச் சீட்டும் போயிருக்கிறதாம்.

அவ்வளவு பெரிய புத்தகத்தில் நீ இருந்தாய் என்பதற்கு ஒரே ஒரு வரிதான் சாட்சி. அதை அழிக்க ரப்பரை எடுத்துக் கொடுத்தவன் நான்.

சீட்டை எடுத்துக்கொண்டு காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். லூர்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"நீ என்னா எழுதுன?"

"தப்பைச் சுட்டிக் காட்டினேன்."

"எது தப்பு?"

"காரிமங்கலத்துல திருக்கை கெடைக்கும்னு போட்டிருந்தான்."

"கெடைச்சுதில்ல?"

நான் திருத்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"கெம்பக்கா சாக்குலதான கெடைச்சுது? சந்தை இங்கதான கூடுது? எட்டு வருசம் அந்த நாத்தத்துல குடும்பம் பண்ணவ நானு. பாத்ததத்தான் எழுதுவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அந்தப் பொஸ்தகத்துலயே நெசமான வரி அது ஒண்ணுதான். அதப் போயித் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கற. படிச்சவன்னு பேரு வேற." இப்போது கை நின்றது. "அவுரு இருந்தப்பயும் அவரக் கிண்டல் பண்ண. இப்பயும் அதயேதான் பண்ணியிருக்க."

காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது என் தொழிலைப் பற்றி யோசித்தேன். திருத்தச் சீட்டு வந்தால் எந்த நூலகரும் அதைப் படிப்பதில்லை. அளவு சரியாக இருந்தால் பசை தடவி ஒட்டுவார், பதிவேட்டில் 'ஒட்டப்பட்டது' என்று எழுதுவார், டீ குடிக்கப் போவார். நானே இருபது வருஷமாக அப்படித்தான். பேராசிரியர் உன்னை நீக்கப்போவது அந்தப் பசையை நம்பித்தான். அதே பசை எனக்கும் கடையில் கிடைக்கும்.

தர்மபுரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்குப் போனேன். "கல்யாணமாங்க, காரியமாங்க?" என்றார் அச்சுக் கோப்பவர். ரெண்டும் இல்லை என்று, பேராசிரியருடைய சீட்டின் அளவிலேயே, அதே மாதிரி எழுத்தில் ஒன்று அடிக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் அடித்ததை உனக்காகத் தமிழில் தருகிறேன். 'முந்தைய திருத்தத்தை நீக்கவும். காரிமங்கலம் என்பது சரி. இம்மீன் காரிமங்கலம் வாரச்சந்தையில் கெம்பம்மாவிடம் கிடைத்தது. தூத்துக்குடிச் சரக்கு என்று அவர் சொன்னார். மணற்கரை இல்லை. இந்த இனங்களைப் பார்த்துப் பிரித்தவர் பள்ளி ஆசிரியர் சூசை.' கீழே என் பெயரும் முகவரியும் இருக்கின்றன. யார் எழுதியது என்று சொல்லாமல் அச்சில் விடுகிற பழக்கத்தைப் பேராசிரியரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கெம்பக்காவிடம் அனுமதி கேட்டேன். "எம்பேரு இங்கிலீசுலயா? போடுங்க சாமி. அப்படியே சரக்கு நல்ல சரக்குன்னு ஒரு வார்த்த சேத்துக்குங்க." இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன். வருத்தம்தான் அவளுக்கு.

முதல் சீட்டை நம் நூலகப் பிரதியில் ஒட்டினேன். அவருடையதை ஒட்டவில்லை. பதிவேட்டில் 'ஒட்டப்பட்டது' என்று எழுதினேன், அது உண்மையும்கூட. இரண்டாவது சீட்டை லூர்துவிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி உன் பெயரைப் படித்தாள். ஜெபப் புத்தகத்திலிருந்து அந்தக் கார்டை எடுத்து அடுப்புப் பக்கம் போட்டுவிட்டு, இதை அங்கே வைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னாள்.

மிச்சச் சீட்டுகள் உறைகளில் இருக்கின்றன. அந்தப் புத்தகம் எந்தெந்த நூலகத்துக்குப் போயிருக்கிறது என்று தேடித் தேடி அனுப்புவேன். மறுபதிப்பில் உன்னை விட்டுவிட்டால் மறுபதிப்புக்கும் சீட்டு வரும். அவர் நீக்குகிறவரை நான் ஒட்டுவேன், மாப்ளே. கேலி ஒரு வரிகூட இருக்காது. உன் பெயர் முதலில் இருக்கும்.

இரண்டு நாளாகக் கையெல்லாம் பசை. கழுவினாலும் போகவில்லை.

அன்றைக்கு அந்த நூலைப் பிடிக்காத
உன் மச்சான்,
அந்தோணி