சங்கல்பத்தில் சொல்ல ஒரு கரை

ஸ்ரீராமஜெயம்

பீளமேடு, கோவை
வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பின்

என் மகள் ஹாரிகாவுக்கு, உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் வேங்கடரமணன் காக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா பத்மாவதி எழுதுவது.

நேற்று நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் நைனா. கருமத்தம்பட்டியிலிருந்து உன் மாமனார் கிருபாசங்கர், உன் மாமியார், நாத்தனார் பிரத்யுஷா. பெருந்துறையிலிருந்து லீவு போட்டு வந்த மாப்பிள்ளை ரவிதேஜா. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து நம் கோயிலில் பூக்கட்டும் பூவாத்தாள் அக்கா. பூ கொடுக்க வந்தவர், பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நான். உன் சீமந்தத்துக்கு நாள் பார்க்கத்தான் கூடினோம். நாள் நல்லதாகவே அமைந்தது. நீ வருவாயா என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

உன்னை வரச் சொல்லி நான்தான் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. போனில் பேசினால் நான் அழுதுபோடுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சண்முகப்ரியா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

உன் வேலை என்ன என்று உன் மாமியார் மறுபடியும் கேட்டார். எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரே ஆறு. தினம் காலையில் அந்த நாட்டு ஆபீசர் ஒருவர், இந்த நாட்டு ஆபீசர் ஒருவர், இரண்டிலும் சேராத நீ, மூவரும் ஒரே படகில் போய் நீர்மட்டம் பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள். அதை வைத்துத்தான் மேலே அணையில் தண்ணீர் விடுவார்கள், கீழே ஊர்களுக்கு வெள்ளம் வருமென்று சொல்வார்கள். இப்போது இரண்டு நாட்டுக்கும் ஆகவில்லை. ஒருவர் ஏறிய படகில் மற்றவர் ஏறுவதில்லை, ஒருவர் எழுதியதை மற்றவர் நம்புவதில்லை. உன் கையெழுத்து இருந்தால் மட்டும் இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். அதனால் நீ இரண்டு படகிலும் ஏறி இறங்குகிறாய். இந்த வயிற்றோடு.

உன் மாமனார், "ரெண்டு மாமியா ஊட்டுக்கு ஒத்த மருமக மாதிரியல்லங்க இருக்குது" என்று சிரித்தார். உன் மாமியார் சிரிக்கவில்லை. "ரெண்டு கவர்மெண்டுக்கு நல்லவளா இருக்கறவ, பெத்தவ ஊட்டுக்கு ஒரு வளையல் போட்டுக்க வரக்கூடாதுங்களா?" என்றார். தண்ணீர் அளக்க மெஷின் இல்லையா என்று நைனா கேட்டார். மெஷின் இரண்டு கரையிலும் இருக்கிறது, அவரவர் மெஷினைத்தான் அவரவர் நம்புகிறார்கள் என்று நீ சொன்னதைச் சொன்னேன். உன் இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டுமென்றாலும் இரு நாடும் சம்மதிக்க வேண்டுமாம், இப்போது எதற்கும் சம்மதிப்பதில்லையாம் என்றும் சொன்னேன். 

பூவாத்தாள் அக்காதான், "ஏனுங்க அம்மணி, பவானியில தண்ணி தொறக்கறப்ப எங்கூருல ஜீப்புல மைக்குக் கட்டிக்கிட்டுச் சொல்லிப்போட்டுப் போவாங்கல்ல, நம்ம ஹாரிகா கண்ணு அந்த மாதிரிங்களா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "அப்ப அது இங்க வந்துட்டா மைக்கு யாரு புடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது.

பள்ளிக்கூடம் போகாமல் பஞ்சாங்கமும் ராமாயணமும் பார்த்து எழுத்துக் கூட்டியவள் நான். நீ அனுப்பிய வரைபடத்தில் ஆற்றின் நடுவே புள்ளிக்கோடு போட்டிருந்தது. அது எந்தத் தண்ணீரை யாருக்குப் பிரிக்கிறது என்று நைனாவிடம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். நம் ஊரில் சிறுவாணி குடித்துத்தானே வளர்ந்தாய். அணை கேரளத்தில், குழாய் இங்கே. இத்தனை வருஷம் திறந்தேன், அடைத்தேன். மேலே யார் எதற்குச் சம்மதித்தார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது குடம் வைக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். நினைத்து என்ன ஆகப்போகிறது என்றும் தெரியவில்லை.

நைனா காலையில் "வரச்சொல்லி எழுது" என்கிறார். மத்தியானம் "எழுதாதே, அவளுக்குத் தெரியும்" என்கிறார்.

 நேற்று காபி டம்ளர்களை எடுக்கும்போது பார்த்தேன், மாப்பிள்ளையுடையது மட்டும் நிறைந்தபடி ஆறியிருந்தது. புறப்படும்போது பின்பக்கக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க வான்னு எழுதினா வந்துருவா அத்தை. அதனாலதான் சொல்றனுங்க, எழுதாதீங்க. வந்த பொறகு அங்க மழை புடிச்சு ஒண்ணு ஆயிட்டா அப்புறம் அவளை யாரு தேத்தறது?" என்றார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "எனக்கு அவ இங்க இருக்கோணுங்க" என்று சொல்லிவிட்டு, கழுவிய முகத்தையே மறுபடியும் கழுவினார். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பது எப்படி என்று நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஒரு காரியம் மட்டும் என் கையில் இருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு உன் பேரில் ஹோமம் செய்யப் புரோகிதரிடம் சொல்லப் போனேன். ஊரில் இல்லாதவர் பேரில் செய்வதால் அவர் இருக்கும் இடத்தை ஹோமம் தொடங்கும்போது சங்கல்பத்தில் சொல்ல வேண்டும், எந்த ஆறு, எந்தக் கரை என்று கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பாதி வாரம் மேற்கே இருக்கிறாய், பாதி வாரம் கிழக்கே. உன் அறை மேற்குக் கரையில், நல்ல ஆஸ்பத்திரி கிழக்குக் கரையில். பாலத்தை இப்போதெல்லாம் சாயங்காலமே அடைத்துவிடுகிறார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை. வலி சாயங்காலம் பார்த்தா வரும்?

இங்கே இருப்பாய் என்றால் வழக்கமாகச் சொல்லும் காவேரியையே சொல்லிவிடுவாராம்.

படகில் ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வைத்துக்கொள். எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. பெருமாள் துணை இரு கரையிலும் உண்டு.

நேரம் வரும்போது நீ எந்த ஆற்றுக்கு எந்தக் கரையில் இருப்பாய்? புரோகிதர் காத்திருக்கிறார். சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
பத்மாவதி