ஹோல்டானும் என் கையெழுத்தும்

மகள் குடியிருக்கும் வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்டில் இன்று காலை லிஃப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஊருக்குப் புதிதாக வரும் விருந்தினர்கள் பஸ்ஸில் பத்திரமாகப் போய்வர யோசனைகளாம். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்காதீர்கள் என்பதுதான் முதல் யோசனை. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் இறங்கி முடிக்கும் முன் வண்டியை எடுக்காதே என்று எந்த டிரைவர் முகத்துக்கு எதிரிலாவது யாராவது ஒட்டியிருக்கிறார்களா? எதற்கு இவ்வளவு கோபம் என்று மகள் கேட்டாள். அவளிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளில் கண் ஆஸ்பத்திரிக்கென்று ஆம்பூரிலிருந்து வந்து, ஆஸ்டின் டவுனில் உன் வீட்டில் தங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரிகள் நாம். நீ கல்யாணமாகி இங்கே வந்து, ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாய். எனக்காக லீவு போட்டு ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போனாய். முன்வாசல் பெண்களுக்கு, பின்வாசல் ஆண்களுக்கு, படியில் நிற்கக் கூடாது என்று வழியெல்லாம் பாடம். நம் ஊர்ப் பக்கம் கண்டக்டர் விசில் ஊதினால் வண்டி நிற்கும், கிளம்பும். இங்கே விசிலே காணோம், வாயால்தான் சொன்னார்கள். "ரைட்டுன்னா கெளம்பும், ஹோல்டான்னா நிக்கும். அவ்ளோதான் இந்த ஊரு பஸ்ஸு" என்றாய். இங்கிலீஷில் ஹோல்டான் என்றால் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று அர்த்தம் என்று நான் சொல்ல, பத்தாங்கிளாஸ் இங்கிலீஷை ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாய். சிரித்துக்கொண்டே கேட்டேனே தவிர, மண்டையில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் அடுகோடியில் இறங்கினோம். தனியார் பஸ். நிறுத்தத்தில் நின்றுதான் இருந்தது. நான் முன்னால், நீ பின்னால். நான் ஒரு காலைத் தரையில் வைத்தேன், மறுகால் படியில். முன்வாசலில் யார் இறங்குகிறார்கள் என்பதே தெரியாத கண்டக்டர் பின்வாசலில் நின்றபடி ரைட் சொன்னான். டிரைவரும் எடுத்துவிட்டான். நீ தொண்டை கிழிய "ஹோல்டான், ஹோல்டான்" என்று கத்தினாய். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்தானே எனக்கு வரும்? கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். வண்டி என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. நீ படிக்கு வந்து என் விரல்களைப் பிரித்து வெளியே தள்ளினாய். தள்ளிய வேகத்தில் நீயும் விழுந்தாய். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. உன் வலது பாதத்தின் மேல் பின்சக்கரம் ஏறிவிட்டது.

அன்றைக்கே பஸ் முதலாளியின் ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தான். நன்றாகத் தமிழ் பேசினான், டீ வாங்கிக் கொடுத்தான். நடந்ததை எழுதியிருக்கிறேன், கூட இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டால் ஆகவேண்டியது சீக்கிரம் ஆகும் என்றான். தாள் முழுக்கக் கன்னடம். போட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து அதன் நகலைப் படித்துப் பார்த்தது, இங்கே வந்து கன்னடம் கற்றுக்கொண்டிருந்த நீதான். "ஓடுற வண்டியில இருந்து நாமளே குதிச்சோம்னு எழுதிக்கீறான். நீ சைன் போட்டுக்கீறே" என்றாய். குரலை உயர்த்தவில்லை. நீ உயர்த்தியிருக்கலாம்.

பாவிகள்! நின்ற வண்டியை ஓடவைத்து, விழுந்தவளைக் குதித்தவளாக்கி, அதற்கு அவள் சிநேகிதியையே சாட்சியாக்கினார்கள். அப்புறம் நீ எங்கே போனாலும் அந்தத் தாள்தான் முன்னால் வந்து நின்றது. கார்மெண்ட்ஸில் பாதம் போனவளுக்கு மெஷின் இல்லை என்றார்கள். கேட்டவர்கள் எல்லாம், நீயே குதித்தாயாமே என்றார்கள்.

ஒரே ஒரு தடவை எனக்குக் கடிதம் போட்டாய். படிக்கத் தெரியாமல் போட்ட கையெழுத்து என்று வந்து சொன்னால் போதும் என்றிருந்தாய். போலீஸ், கோர்ட்டு என்று பொம்பளை அலையக் கூடாது என்றார் என் வீட்டுக்காரர். மகளுக்குக் காய்ச்சல் என்று உனக்குப் பதில் எழுதினேன். அவளுக்குக் காய்ச்சலே இல்லை. அடுத்த தடவை நான் வந்தபோது கட்டையை ஊன்றிக்கொண்டு போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாய். காய்ச்சல் விட்டுதா என்று கேட்டாய். அந்தக் கேள்வியை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். கண்டக்டர் மேலும் டீ வாங்கிக் கொடுத்த அந்த ஆள் மேலும் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் கடைசியில் அங்கே வந்துதான் நிற்கிறது.

அதனால் இப்போது எழுதுகிறேன். அடுகோடியில் பஸ் நின்றிருந்தது. நாங்கள் குதிக்கவில்லை. நான் இறங்கி முடிக்கும் முன் வண்டியை எடுத்தார்கள். கம்பியை விடாமல் பிடித்தவள் நான். என்னைக் காப்பாற்றப் போய்ப் பாதத்தை இழந்தவள் என் சிநேகிதி. இதை நானே தமிழில் எழுதி, இரண்டு தடவை படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மகள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். முதலில் அவளிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.