கடையோடு விலைபோன குரல்

அனுப்புநர்
இணையக் கடையின் முன்னாள் தொலைபேசிப் பணியாளர்
(வாடிக்கையாளர்களுக்கு 'பார்சல் அக்கா'),
டயர் கடைக்கு மேல்மாடி வீடு.

பெறுநர்
வணிகக் குறைதீர் அதிகாரி அவர்கள்,
வணிகக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: இணையக் கடையைப் பெரிய கடை வாங்கியபோது அதனுடன் சேர்த்து எடுத்துச் செல்லப்பட்ட என் குரலை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாயால் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் சிரிக்கிறார், இல்லையென்றால் முறைக்கிறார். ஆகவே எழுத்தில் தருகிறேன். நடுவில் கோபம் தெரிந்தால் பொறுத்தருளவும். கோபம் இருப்பது உண்மை.

1. பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு அறைகளில் நடந்துவந்த ஓர் இணையக் கடையில் நான் வேலை பார்த்தேன். அதை ஆரம்பித்தவரை நாங்கள் 'முதலாளிப் பையன்' என்றுதான் கூப்பிடுவோம். மீசை கூடச் சரியாக முளைக்காத முகம். அங்கே பார்சல் தாமதமானால் குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கம் கிடையாது. நானே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "வணக்கம்மா, உங்க பார்சல் வர கொஞ்சம் லேட்டாகும், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்வேன். திட்டுவதற்குத் தயாராக எடுத்தவர்கள்கூட, "பரவாயில்லம்மா" என்று வைத்துவிடுவார்கள். கடை அதனாலேயே பேர் வாங்கியது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. பின்னால் நடந்ததற்கு இதுதான் வேர்.

2. கூட்டம் பெருகியதும் எல்லோரையும் கூப்பிட என்னால் முடியவில்லை. என் குரலைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார் முதலாளிப் பையன். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வசதி ஏது? திருப்பி அனுப்பப்பட்ட போர்வைகளை அடுக்கி வைத்திருந்த அலமாரியில் வெளிச்சத்தம் கேட்காது என்று என்னை அதற்குள் உட்காரவைத்தார்கள். வியர்வை ஊற்ற ஊற்றக் கிழமைகள், எண்கள், தெருப் பெயர்கள் எல்லாம் வாசித்தேன். அத்தோடு விட்டேனா? எதற்காவது உதவுமே என்று 'முடிந்தது', 'இல்லை', 'நாளை முதல்', 'பணி', 'தேவையில்லை' என்று அகராதியையே ஒப்பித்துவிட்டு வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் உச்சி குளிர்ந்துபோனேன்.

3. பிறகு பெரிய கடை எங்கள் கடையை வாங்கியது. கிடங்கு போனது, வண்டிகள் போயின, பெயர்ப்பலகையும் போனது. என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெரிய கடையின் எந்தக் கிளைக்குள் நுழைந்தாலும், நகரும் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்வது நான். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வதும் நான்தான். பேருந்தில் ஒரு பெண்ணிடம் கொஞ்சம் நகரச் சொன்னேன். அவர் அனிச்சையாகக் கைப்பையைத் திறந்து காட்டினார். என் கணவர் ஆரம்பத்தில், "உன் பேச்சைக் காசு குடுத்து வாங்கவும் ஆள் இருக்கு, நான்தான் இத்தனை நாளா ஓசியில கேட்டேன்" என்று கேலி செய்தார். அவர்கூட இப்போது கேலி செய்வதில்லை. காரணம் அடுத்த பத்தியில் உள்ளது.

4. என் தம்பி எங்கள் கடையில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன்; கடை கைமாறிய பிறகும் பெரிய கடையில் அதே வேலையில் இருந்தான். வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரு மதியம் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனுக்கு அழைப்பு வந்தது. கையில் சோறு, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். என் குரல் பேசியது: "வணக்கம். நாளை முதல் உங்கள் பணி தேவையில்லை. கோவிச்சுக்காதீங்க."

அம்மா போனைப் பார்த்து, "என்னடி உளர்ற?" என்று கேட்டாராம். போன் அதற்கு நன்றி சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது.

5. நான் அடித்துப் பிடித்து ஓடினேன். அது இயந்திரம், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தம்பி சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "மெஷின்னு எனக்குத் தெரியாதாக்கா? ஆனா குரல் உன்னோடதுதானே. இனிமே நீ கூப்பிட்டா எடுக்க எனக்குக் கை வராது."

சொன்னபடியே எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்கிறது. அம்மா வழியாகச் சேதி அனுப்புகிறேன். 'ம்' என்று மட்டும் பதில் வருகிறது. எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைகிறேன். கடைவீதியில் சைகையில் சாமான் வாங்குகிறேன். அவனைப் போல இன்னும் எத்தனை பேர் வீட்டில், சாப்பிடும் நேரத்தில், நான் போய் வேலை இல்லை என்று சொன்னேனோ தெரியவில்லை.

6. முதலாளிப் பையனிடம் கேட்டேன். "தப்பா நினைக்காதீங்கக்கா, அதுவும் மொத்தத்தோட சேர்ந்து போயிடுச்சு" என்றார். அவர் குரல் அவரிடமே இருக்கிறது, சொல்வது சுலபம். பெரிய கடையின் சட்டப் பிரிவில், தாங்கள் ஆளை வாங்கவில்லை, ஒலியைத்தான் வாங்கினோம் என்று பொறுமையாக விளக்கினார்கள். நான் எங்கும் கையெழுத்துப் போடவில்லையே என்றேன். அப்படியானால் எங்களிடமே புகார் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன்.

7. அதற்குப் பதில் வந்தது, ஐயா. துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பியோ என்று ஈரக்கையோடு ஓடி எடுத்தேன். என் குரல்தான், என்னிடமே: "வணக்கம். உங்கள் புகார் முடிந்தது. கோவிச்சுக்காதீங்க."

இல்லை, முடியவில்லை என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் போன் துண்டித்துக்கொண்டது. அன்றுதான் தம்பிக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது.

ஆகையால், தாங்கள் தயவுகூர்ந்து:

(அ) பெரிய கடை என் குரலைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தவும், பதிவுகளை அழிக்கவும் ஆணையிட வேண்டுகிறேன்.

(ஆ) என் குரலால் வேலையிழந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், அதைச் சொன்னது நான் அல்ல என்று தங்கள் அலுவலக முத்திரையுடன் தெரிவிக்க வேண்டுகிறேன். முதலில் என் தம்பிக்கு அனுப்பவும். நான் சொன்னால் நம்புவான். ஆனால் என் குரலைத்தான் கேட்கமாட்டேன் என்கிறான்.

நஷ்டஈடு கேட்கவில்லை. நான் கூப்பிட்டால் என் தம்பி போனை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. இந்த மனுவை நான் திரும்பப் பெற்றுக்கொண்டதாக என் குரலிலேயே தங்களுக்கு அழைப்பு வரக்கூடும். தயவுசெய்து நம்ப வேண்டாம். அடையாளம் கண்டுகொள்வது எளிது: அது முடிவில் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும். நான் இப்போது யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. தாங்கள் கோபித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இவண்,
தங்கள் நடவடிக்கைக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பார்சல் அக்கா

நாள்: திங்கட்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை